பதினொன்றாம் மாதம்

தப்பால்காரன் ஈட்டிச் சலங்கை
குப்பனூர் ஏற்றத்தில் கேட்டதுமே
உலையை இறக்கி வைத்துவிடுவேன்.
டெபோராவுக்குக் கடிதம் வந்தால்
அன்று யாரும் நேரத்துக்குச் சாப்பிடப்போவதில்லை.

டெபோரா என்றுதான் கூப்பிட வேண்டுமாம்.
துரைசானி என்றால் முகம் சுண்டிப்போகும்.
எனக்கு வாய் வரவில்லை.
நாலு வருஷமாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமல்
எதிரே போய் நிற்பதே வழக்கமாகிவிட்டது.
அவளோ எல்லோரையும் நீ என்பாள்:
என்னை, களை பிடுங்க வரும் மலைப்பெண்களை,
போன மழைக்கு முன் குதிரையில் வந்திறங்கிய
சேலத்துத் தாசில்தாரை.
"நீ காபி குடிப்பாயா?"
தலைப்பாகையை இரண்டு தரம் சரிசெய்துகொண்டு
குடித்தார்.

கிழமைக்கும் அவர்களிடம் பெயர் கிடையாது.
ஞாயிறு முதல் நாள், செவ்வாய் மூன்றாம் நாள்.
செவ்வாய்ப்பேட்டைக்காரி நான் என்றதற்கு
"மூன்றாம் நாள் பேட்டை" என்று எழுதிக்கொண்டாள்,
சிரிக்காமல்.

கடிதம் ஒரே தாள்.
குறுக்கே எழுதி முடித்து, தாளைத் திருப்பி
அதன் மேலேயே நெடுக எழுதியிருந்தது.
தபால் கூலி மிச்சம் என்றாள்.
தறிக்காரன் மகளுக்கு அது புரியாதா,
பாவு ஒன்று, ஊடை ஒன்று.

பாவில் ஊர்ச் சேதி.
அத்தையின் பசு இரட்டைக் கன்று போட்டது.
தம்பி துணிக்கடைக்குப் புதுப் பலகை.
சித்தப்பா மகள் வெளியே சம்பந்தம் செய்துகொண்டாள்,
சபையில் பெயரை அடித்துவிட்டார்கள்.
(இதை விளக்க வேண்டாம் என்றேன்.)
ஊடையில், ஓரத்துக்கு வந்து
எழுத்து நெருக்கியடிக்கும் இடத்தில்,
லிடியாவுக்கு இருமல்.
கைக்குட்டைகளை அவளே துவைத்துக்கொள்கிறாள்,
யாரையும் தொட விடுவதில்லை.

அந்த வரியை எனக்குத் தமிழில் சொன்னாள்.
துவைத்துக்கொள்கிறான் என்று வந்தது.
திருத்தினேன். திரும்பச் சொன்னாள்.

தேதி, பதினொன்றாம் மாதம் ஒன்பதாம் நாள்.
சித்திரையிலிருந்து விரல்விட்டேன்.
பதினொன்று, மாசி.
வெளியே மார்கழிப் பனி. பழம் பறிக்கிறவர்கள்
கம்பளிக்குள் கூனிக்கொண்டு நின்றார்கள்.
மாசிக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.
வராத மாசத்தில் வந்த இருமலுக்கு
இப்போதே மருந்து அனுப்பினால் என்ன?
ஆடாதோடை, சித்தரத்தை, நாலு திப்பிலி,
முடிச்சுக் கட்டிக் கப்பலில் போட்டால்?

கேட்டேன்.
என்னையே பார்த்தாள். கணக்கைத் திருத்தவில்லை.
பிறகு உட்கார்ந்தாள்.

அவர்கள் பூசை அதுதான். மணி கிடையாது,
பாட்டு கிடையாது, பேசாமல் இருப்பது.
ஜோசையா களத்திலிருந்து வந்து
ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்,
பூட்ஸில் காபித் தோல் ஒட்டியபடி.
நானும் அலமாரிக்கு அந்தப் பக்கம், தரையில்.
பால் பொங்கி அடுப்பை அணைத்த நாற்றம் வந்தது.
ஒருவரும் எழவில்லை.

எங்கள் வீட்டுச் சாவுகள் நடந்தே வரும்.
அண்ணி போனதை ஆற்றங்கரைத் தெரு சடையன்
பின்வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு
தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப்போனான்.
அவன் மூச்சு வாங்கியதிலேயே
பாதி தெரிந்துவிட்டது.

மாசியில், நிசமான மாசியில், அடுத்த கடிதம்.
பூமழைக்கு வானம் பார்த்துக் கிடந்தது தோட்டம்.
மற்ற பங்களாக்களுக்குத் துக்கம்
கறுப்புக் கரை போட்ட உறையில் வரும்.
தப்பால்காரனே குரலைத் தாழ்த்திக்கொள்வான்.
இவர்கள் துக்கத்துக்குக் கறுப்பு உடுப்பதில்லை.
லிடியா எழுந்து நடக்கிறாள் என்றாலும் உறை வெள்ளை.
இல்லை என்றாலும் வெள்ளை.

முகவரி மட்டும் தம்பியின் கை.

உறை கிழிக்கிற கத்தியை மேசையில் தேடினாள்,
ஜன்னல் கட்டையில், மைக்கூட்டுக்குப் பின்னால்.
"நீ பார்த்தாயா?"

பொய்யே சொல்லாத வீடு.
இல்லை என்றேன்.
சலங்கை கேட்டதிலிருந்து
அது என் மடியில்தான் இருந்தது.